தரங்கம்பாடியில் ஓர் இளைஞன்

பி.ஏ. வரலாறு படித்த நம் 1972-75 கூட்டத்துக்கு சீகன்பால்கு என்ற பெயர் வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வி. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தவர் யார் என்று கேட்பார்கள். பெயரை எழுதினால் ஒரு மதிப்பெண், வருஷத்தையும் எழுதினால் இன்னொன்று. பெயரில் 'ல்'லுக்குப் பிறகு 'கு'வா 'க்'கா என்று தேர்வு அறையில் என்னிடம் ஜாடை காட்டிக் கேட்ட நண்பர் இந்த மலரையும் படிப்பார் என்பதால் அவர் யார் என்று சொல்லமாட்டேன்!

அப்போதெல்லாம் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அந்த ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அந்த வண்டியில் நாம் கோட்டை பார்க்கப் போனோம், கடலில் கால் நனைத்தோம், திரும்பினோம். அந்த ஊருக்கு வந்து இறங்கிய அந்த மனிதருக்கு அன்று என்ன வயது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இருபத்து நாலு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவர். நம்மில் பலர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு அஞ்சல்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். உடம்பும் சுகமில்லாத உடம்பு. ஹால்லே நகரில் பிராங்கே என்ற பெரியவரிடம் படிக்கப் போனார். அங்கே இருந்தவர்களைப் பக்தி இயக்கத்தார் என்பார்கள். கோயிலுக்குப் போவது, சடங்கு செய்வது எல்லாம் போதாது, உள்ளம் மாறவேண்டும், அது அன்றாட வாழ்க்கையில் தெரியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. பிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நடத்திவந்தார். உடல்நிலை காரணமாகப் படிப்பைக்கூடச் சீகன்பால்குவால் ஒழுங்காகத் தொடர முடியவில்லை.

அப்போது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக்குக்கு, தன் ஆளுகையில் உள்ள கடல்கடந்த ஊருக்குப் போதகர்களை அனுப்பவேண்டும் என்று எண்ணம் வந்தது. டென்மார்க்கில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து இருவர் கிடைத்தார்கள்: சீகன்பால்கு, அவரைவிடச் சில வயது மூத்த ஹென்றி புளூட்சோ. 1705 நவம்பர் கடைசியில் சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் ஏறினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள்.

ஊர் அப்போது டேனியர் கையில் இருந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நின்றது. (ஊரே டேனியர் உண்டாக்கியது என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1306-லேயே குலசேகர பாண்டியன் காலத்தில் மாசிலாமணி நாதர் கோயில் எழுந்த ஊர் அது. கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.) கோட்டைத் தளபதி ஹாசியஸ். அரசரே அனுப்பிய ஆட்கள் என்றால் தடபுடலாக வரவேற்பு இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் போதகர் எதற்கு என்பது கம்பெனிக்காரர்களின் எண்ணம். வெயிலில் காக்கவைத்து, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். தங்க இடம்கூடத் தயாராக இல்லை.

இந்த இடத்தில் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரரோடு பேசப் போர்த்துகீசியம் போதும். கோட்டையைச் சுற்றியுள்ளவர்களும், வீட்டு அடிமைகளும், துபாஷிகளும் அந்தக் கலப்பு மொழியில் சமாளித்தார்கள். அதை மட்டும் கற்றுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். புளூட்சோ அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். சீகன்பால்கு தமிழைக் கையில் எடுத்தார்.

எப்படிக் கற்றார் என்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். எழுபது வயதுத் திண்ணைப்பள்ளி வாத்தியார் ஒருவரைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுத, பக்கத்தில் இந்த வெள்ளைக்காரத் துரையும் உட்கார்ந்து மணலில் எழுதினார். நினைத்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரித்திருப்பார்கள்! எழுத்து வந்துவிட்டது. பொருள் வரவில்லை, ஏனென்றால் வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. பிறகு அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசக்கூடியவர். அவர் வந்த பிறகு காரியம் வேகம் பிடித்தது. எட்டு மாதத்தில் பேசத் தொடங்கிவிட்டார்.

அவரது அன்றாட அட்டவணையை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். நம் விடுதிக் காப்பாளர் கதவில் ஒட்டிவைத்த நேர அட்டவணையை நாம் யாரும் மதித்ததில்லை, இருந்தாலும் இதைச் சற்றுப் பாருங்கள். காலை 6 மணிக்கு ஜெபமும் வேதபாடமும். 7-லிருந்து 8 வரை, முன்பு படித்து எழுதிவைத்த தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்ப ஓதுவது. 8 மணியிலிருந்து 12 வரை, நாலு மணி நேரம், அதுவரை படிக்காத தமிழ் ஏடுகள் மட்டும். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர், எழுத்தர் ஒருவர். புதுச்சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்ளவேண்டும். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் சொல்லவேண்டும். சாப்பிடும்போதுகூட யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். உண்ட பிறகு கொஞ்சம் ஓய்வு, பிறகு பிள்ளைகளுக்கு ஞானபாடம். 3-லிருந்து 5 வரை மறுபடியும் ஏடு. இரவு 7-லிருந்து 8 வரை கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று வேறொருவர் வாசிக்கக் கேட்பது. ஒரே நூலை நூறு தடவை படித்ததும் உண்டாம், அதில் தெரியாத சொல் ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது என்று.

எங்கே ஜெபம் முடிகிறது, எங்கே தமிழ்ப் பாடம் தொடங்குகிறது என்று இந்த அட்டவணையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. தான் நம்பிய வார்த்தையை இந்த மக்களின் வாயில் புழங்கும் சொல்லால் சொல்லமுடியாவிட்டால் அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம் என்ற தவிப்பு அது. இரண்டே வருஷத்தில் சுமார் 20,000 சொற்களைத் திரட்டிவிட்டார்.

ஏடுகளுக்காக ஆள் அனுப்பி, பல நாள் நடை தூரத்திலிருந்தெல்லாம் வாங்கினார். பிராமண விதவைகள் வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த சுவடிகளை விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்கிறார். 1708-ல், தாம் சேர்த்த 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதில் திருக்குறள் உண்டு. அதே வருஷம் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். உ.வே.சா. பிறப்பதற்கு 147 வருஷம் முன்னால் நடந்த காரியம் இது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் நூல்களைப் படித்தால் வெட்கப்படுவார்கள் என்ற தொனியில் ஊருக்கு எழுதினார்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அதனால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. மறுபக்கமும் இருக்கிறது. வந்த புதிதில் ஒரு நாள் ஊருக்கு வெளியே உலாவப் போனவர், ஒரு கோயிலில் இருந்த உருவங்களைத் தட்டிக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையையும் உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று காட்டத்தான் செய்தாராம். இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அங்கே வந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கோபப்படாமல் பதில் சொன்னார்: இவை சாமி இல்லை, சாமியின் போர்வீரர்கள்தான் என்று. பிறகு வாதம் நடந்தது. இதையெல்லாம் எழுதிவைத்தவரும் சீகன்பால்குவேதான். தனக்குப் பதில் சொன்னவனின் பதிலை மறைக்காமல் எழுதியனுப்பினாரே, அந்த ஒரு குணத்துக்காக அவரை மேலும் படிக்கலாம் என்று தோன்றியது.

பின்னால் அதையே பெரிய அளவில் செய்தார். சீகன்பால்குவும், 1709-ல் வந்து சேர்ந்த குருண்ட்லரும், உங்கள் மதம் என்ன, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேள்வி எழுதி, படித்த தமிழர்களிடமிருந்து பதில் வாங்கினார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹால்லேயில் அச்சாகின. அவற்றில் நம்மவர்கள் கொஞ்சமும் தயங்கவில்லை. நீங்கள் மாட்டிறைச்சி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சரியாகக் குளிப்பதில்லை, உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் நடக்கிற நடை சரியில்லையே என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு மதப் போதகருக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி என்ன இருக்கமுடியும்? கோட்டையில் இருந்த கிறிஸ்தவர்களின் நடத்தையை அவரே தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். மறுக்க வழியில்லை.

உதவி செய்தவர்களுக்கும் விலை இருந்தது. அழகப்பன் ஊரைவிட்டே விரட்டப்பட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது, நம் மதத்தின் இரகசியங்களை வெள்ளைக்காரனுக்குச் சொல்லிவிட்டாய் என்று அங்கே சிறையிலும் வைத்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இந்தத் துபாஷிக்கு அரை வரிதான் கிடைக்கிறது. என் மனசுக்கு அது நியாயமாகப் படவில்லை.

1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேர், டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு சின்னக் கோயில் எழுந்தது. அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் பிறகு அவனை எப்படி அடிமையாக வைத்திருப்பது என்ற உறுத்தல் எஜமானர்களுக்கு வராமல் இருக்குமா? தளபதிக்கும் இவருக்கும் மோதல் முற்றியது. ஓர் ஏழை விதவைக்குக் கடன் விவகாரத்தில் அநியாயம் நடந்துவிட்டது என்று சீகன்பால்கு நியாயம் கேட்கப் போனார். 1708 நவம்பரில் ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவிட்டார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நாலு மாதம் சிறை. முதலில் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. தன் நாட்டு அரசர் அனுப்பிய ஆளை, அதே அரசரின் அதிகாரி அடைத்துவைத்திருக்கிறார். முறையிடலாம் என்றால் கோபன்ஹேகனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பிறகு எழுதுபொருள் கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை புகார் எழுதுவது இல்லை. கிறிஸ்தவனின் வாழ்க்கை எப்படி இருக்கவேண்டும், போதிப்பவனின் வாழ்க்கை எப்படி இருக்கவேண்டும் என்று இரண்டு நூல்களை எழுதினார். வெளியே வந்ததும் விட்ட இடத்தில் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார். அந்த வருஷமே புளூட்சோ ஊர் திரும்பிவிட்டார்.

அச்சுக்கூடக் கதை நம் இரண்டு மதிப்பெண் கேள்வி என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். பொறி எப்படியோ மீண்டு 1712-ல் வந்து சேர்ந்தது. அதோடு வரவேண்டிய அச்சர் பாதி வழியிலேயே இறந்துவிட்டார். கம்பெனிப் படையில் அச்சு வேலை தெரிந்த சிப்பாய் ஒருவர் இருந்ததால் பிழைத்தது. 1713-ல் ஹால்லேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை பெரிய எழுத்துக்கள், காகிதமோ பஞ்சம். அதனால் பொறையாற்றில் சின்ன எழுத்துக்களை வார்த்தார்கள், பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். காகித ஆலையும் அங்கேயே எழுந்தது. 1714-15-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. தமிழில் முதல் அச்சு நூல் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 1578-லேயே கொல்லத்தில் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது.

1714-ல் ஐரோப்பா போனார், 1715-ல் மணம் செய்துகொண்டார், லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார். லத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹால்லேயில் அச்சாயிற்று. அதே வருஷம் மனைவியோடு திரும்பி வந்தார். பழைய கோயில் கடலில் போய்விட்டதால் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் அதைத் திறந்தார்கள். இன்றும் ராஜ வீதியில் நிற்கிறது.

கடைசிக் காலம் வருத்தமானது. அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு இது நன்றாகவே புரியும். கோபன்ஹேகனில் 1714-ல் மிஷனுக்கென்று தலைமைச் சபை ஒன்று அமைத்திருந்தார்கள். அதன் செயலாளர் வென்ட் என்பவருக்கு ஒரு கொள்கை: அப்போஸ்தலர்கள் கையில் காசில்லாமல் ஊர் ஊராகப் போனார்கள், நீங்களும் அப்படியே போகவேண்டும், கட்டடம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, அச்சுக்கூடம் எதற்கு, கல்யாணம் எதற்கு? இந்த ரீதியில் கண்டித்து எழுதிய கடிதம் 1718-ல் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடி வெயிலையும் பசியையும் சிறையையும் பார்க்காத ஒருவர், குளிர்நாட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து எழுதியது. ஏற்கெனவே நோயால் நைந்திருந்த உடம்பு அதற்குப் பிறகு தேறவில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். 1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயது 36. மிச்சத்தைப் பின்னால் வந்த சூல்ட்ஸ் முடித்தார்.

தலைமையிடத்தோடு அவருக்கு இருந்த இன்னொரு பிணக்கையும் சொல்லாமல் விடக்கூடாது. தமிழர் தெய்வங்களைப் பற்றி, தமிழ் நூல்களையும் தமிழர் கடிதங்களையும் ஆதாரமாக வைத்து, 1711-லும் 1713-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். ஐயனார், மாரியம்மன், பிடாரி என்று கிராம தேவதைகள் வரை விவரமாக எழுதினார். சிவவாக்கியரை அடிக்கடி மேற்கோள் காட்டினார். ஒரே பரம்பொருளைப் பற்றி இவர்களும் அறிந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஆச்சரியம் கலந்த சந்தோஷம். தன் வழிதான் சரி என்ற உறுதி கடைசிவரை குறையவில்லை. அதை மறைத்து அவரைச் சமரச ஞானியாக்குவது நேர்மையாகாது. ஆனால் சிலைகளை உடைத்த கையே பத்து வருஷத்துக்குள் அந்தச் சாமிகளின் பெயரையும் கதையையும் வழிபாட்டையும் ஒன்று விடாமல் எழுதிவைத்திருக்கிறது. ஹால்லேயில் கையெழுத்துப் படியைப் பார்த்த பிராங்கே, இந்தப் பொய்ம்மதங்களை ஒழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்ற கருத்தோடு அச்சிடாமல் வைத்துவிட்டார். தெய்வ வம்சாவளி பற்றிய நூல் 1867-ல்தான் முதன்முதலாக அச்சானது, அதுவும் சென்னையில். மற்றது 1926-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. ஆசிரியர் இறந்து இருநூறு வருஷத்துக்கும் மேலே!

டேனியர் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 2004 சுனாமி அந்தக் கடற்கரையைப் புரட்டிப்போட்டது. 2020 முதல் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல் ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளும் போய்ப் பாருங்க. பீடத்தின் ஒரு பக்கம் சீகன்பால்கு, மறுபக்கம் அவருக்கு அடுத்த வருஷமே, 1720-ல் போய்ச்சேர்ந்த குருண்ட்லர். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே தரை குளிர்ச்சியாக இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாம்.